எந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எங்கே தாங்கும்? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாஸ்மார், வீடு கட்டிப் படிக்குக் கைப்பிடி போடுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "எந்த ஸ்டீல் நல்லது?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது "எங்கே வைக்கப் போகிறீர்கள், எவ்வளவு சூடு?" என்பதைத்தான். உப்புக்கு முன்னால் உறுதியாக நிற்கிற மூலகமே நெருப்புக்கு முன்னால் காலை வாரிவிடும், அதனால் இடத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

சில்வர் துருப்பிடிக்காது என்றுதானே விற்கிறார்கள், பிறகு எப்படித் துரு வருகிறது?

துருவைத் தடுப்பது குரோமியம். உருக்கில் நிறைப்படி குறைந்தது 10.5 வீதம் குரோமியம் இருந்தால்தான் அதை ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல முடியும். அந்தக் குரோமியம் காற்றிலும் தண்ணீரிலும் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்புக்கு ஓர் ஒட்சைட்டுப் படலத்தைக் கட்டிவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத படலம் அது. கூரைத் தகரத்துக்கு அடித்த பெயின்ற் ஓர் இடத்தில் உரிந்தால் அந்த இடம் போனதுதான், இந்தப் படலம் அப்படியில்லை. கீறிவிட்டாலும் ஒட்சிசன் பட்டால் தானே திரும்பக் கட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்தத் திரும்பக் கட்டும் வேலை நடக்க இடம் வேண்டும். வொஷருக்கு அடியிலோ சேறு ஒட்டிய இடத்திலோ ஒட்சிசன் போய்ச் சேராது. உப்பில் இருக்கிற குளோரைட்டு படலத்தைக் குத்திக் குத்தி உடைக்கும். வெல்டிங் சூட்டில் குரோமியம் வேறு எங்காவது மாட்டிக்கொண்டால் படலம் கட்ட ஆளில்லை. இதெல்லாம் உண்மையான துரு. அதைவிட அதிகமாக நான் பார்ப்பது பொய்த் துரு: இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்த்த சட்டி, பக்கத்தில் சாதாரண இரும்பை கிரைண்டர் போட்டபோது தெறித்த பொடி. துருப்பிடிப்பது ஒட்டிக்கொண்ட அந்த இரும்புத் துணுக்குதான், சில்வர் இல்லை. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் அந்தத் துணுக்குக்கு அடியில் உண்மையான அரிப்பும் தொடங்கிவிடும்.

குரோமியம் நல்லது என்றால் 40 வீதம் போட்டுவிட வேண்டியதுதானே?

போடலாம், ஆனால் வளைக்கவோ வெல்ட் பண்ணவோ முடியாது. குரோமியம் கூடக் கூட, 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நெடுநாள் இருக்கும்போது இரும்பும் குரோமியமும் சேர்ந்து சிக்மா என்ற கடினமான, எளிதில் நொறுங்கும் கட்டமைப்பாக மாறும். அதனால்தான் நாம் அன்றாடம் பார்க்கிற தரங்களில் பெரும்பாலானவை 11 முதல் 26 வீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 1913இல் ஷெபீல்டில் ஹரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்த் தேய்மானத்தைக் குறைக்க முயன்றபோது வார்த்த உருக்கில் இருந்தது சுமார் 12.8 வீதம். ஏறத்தாழ அதே காலத்தில், 1912இல், ஜேர்மனியின் குருப் (Krupp) நிறுவனத்தில் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த உருக்குக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். இன்றைக்கு நம் குசினியில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையின் வாரிசு.

நிக்கல் எதற்கு? துருவை அதுதான் தடுக்கிறது என்கிறார்களே?

படலம் கட்டுவது குரோமியம், நிக்கல் அதற்குத் துணைதான். நிக்கலின் முக்கிய வேலை உள்ளே பளிங்கு அமைப்பை மாற்றுவது. 8 வீதம் அளவு சேர்த்தால் உருக்கு அறை வெப்பநிலையிலும் ஒஸ்ரனைட்டு என்ற அமைப்பில் நிற்கும், அதனால் இழுக்கலாம், ஆழமாக அழுத்திச் சட்டி பண்ணலாம், வெல்ட் பண்ணினாலும் வெடிக்காது. கடையில் 18/8 என்று அடித்திருப்பது 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் என்பதைத்தான், அதுதான் 304 என்ற தரம். சில அமிலங்களில் அரிப்பின் வேகத்தையும் நிக்கல் குறைக்கும். இருந்தாலும் நிக்கல் சேர்க்காத 430 என்ற தரம் (குரோமியம் 16 முதல் 18 வீதம்) வீட்டுக்குள் பல வருஷம் ஒரு புள்ளி துரு இல்லாமல் இருக்கும்.

காந்தம் ஒட்டினால் போலியா?

இல்லை. காந்தம் ஒட்டினால் அது 430 அல்லது 410, 420 போன்ற தரமாக இருக்கலாம், அதுவும் அசல் ஸ்டெயின்லெஸ்தான். 304ஐக்கூட வளைத்த மூலையிலும் அழுத்திய விளிம்பிலும் காந்தம் லேசாகப் பிடிக்கும், ஏனென்றால் குளிர்நிலையில் அடித்து வளைக்கும்போது அமைப்பு கொஞ்சம் மாறுகிறது. ஆனால் நாம் பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான இடத்தில்: காந்தம் ஒட்டாத எல்லாமே 304 இல்லை.

அப்படியென்றால் 304 என்று சொல்லி வேறு எதைத் தருகிறார்கள்?

201 அல்லது 202. நிக்கல் விலை கூடியது என்பதால் அதில் பாதியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் மங்கனீசும் நைதரசனும் சேர்க்கிறார்கள். 1950களில் நிக்கல் தட்டுப்பாடு வந்தபோது வளர்ந்த குடும்பம் இது. 201இல் மங்கனீசு 5.5 முதல் 7.5 வீதம், நிக்கல் 3.5 முதல் 5.5 வீதம். மங்கனீசும் நிக்கலைப் போலவே ஒஸ்ரனைட்டைத் தாங்கிப் பிடிக்கும், அதனால் காந்தம் ஒட்டாது, பளபளப்பும் அப்படியே இருக்கும். கடையில் நின்று பார்த்தால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

துருவுக்கு எதிராக மங்கனீசு எந்த உதவியும் செய்வதில்லை. உருக்கில் மிச்சம் இருக்கிற கந்தகத்தோடு சேர்ந்து மங்கனீசு சல்பைட்டுத் துணுக்குகளாக நிற்கும். குழி விழத் தொடங்குவது பெரும்பாலும் அந்தத் துணுக்கின் ஓரத்தில்தான். இதனால்தான் கடைசல் வேலைக்கு வசதியாக வேண்டுமென்றே கந்தகம் கூட்டிய 303இல் செய்த நட்டும் போல்ட்டும் வெளியில் வைத்தால் 304ஐவிடச் சீக்கிரம் பழுப்பாகின்றன.

கண்டுபிடிக்க வழி உண்டு. மங்கனீசு கூடினால் நிறம் மாறும் சோதனைத் திரவம் சிறு போத்தலில் விற்கிறார்கள், சிறிய மின்கலத்தோடு வரும், ஒரு துளி விட்டால் போதும். பெரிய வேலை என்றால் ஆலைச் சான்றிதழ் கேளுங்கள், அதில் உருக்கிய தொகுதி இலக்கமும் ஒவ்வொரு மூலகத்தின் வீதமும் இருக்கும், தகட்டில் அடித்திருக்கும் இலக்கத்தோடு அது பொருந்த வேண்டும். சான்றிதழ் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால் அதுவும் ஒரு சோதனைதான். ஆனால் 202ஐ 202 என்றே சொல்லி, அதற்குரிய விலைக்குத் தந்தால் அதில் தப்பில்லை. வீட்டுக்குள் போடும் கட்டில் சட்டத்துக்கு அது தாராளமாகப் போதும்.

நுவரெலியாவில் வீடு. பல்கனிக் கைப்பிடிக்கு 316 போடச் சொல்கிறார்கள், வேண்டுமா?

வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல 304ஐ நல்ல பொலிஷோடு போடுங்கள். 316க்கும் 304க்கும் உள்ள பெரிய வித்தியாசம் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம். அதன் வேலை குளோரைட்டைச் சமாளிப்பது. குழி விழத் தொடங்கும் இடத்தில் படலம் மீண்டும் மூடிக்கொள்ள அது உதவுகிறது. குளோரைட்டு எங்கிருந்து வரும்? முக்கியமாகக் கடல் காற்றிலிருந்து. திருகோணமலையிலோ காலியிலோ கடலைப் பார்த்த வீடு என்றால் 316க்குக் குறைவாக எதையும் போடாதீர்கள் என்று நானே சொல்வேன். 1,800 மீற்றருக்கு மேலே, கடலை விட்டு வெகு தூரத்தில், பனியும் மழையும் மட்டும் நனைக்கிற இடத்தில் அந்த மொலிப்டினத்துக்குச் செய்ய வேலையே இல்லை.

ஈரம் கூடினால் ஸ்டெயின்லெஸ் கெடும் என்று நினைக்கிறார்கள். சாதாரண இரும்புக்கு அது உண்மை. ஸ்டெயின்லெஸுக்கு நம்முடைய மழை நல்லதே செய்கிறது, ஒட்டிய தூசியைக் கழுவிவிடுகிறது. மழை படாத கூரை விளிம்புக்கு அடிப்பக்கம்தான் முதலில் மங்கும், வேண்டுமானால் பாருங்கள்.

மலையில் கைப்பிடி கெடுவதற்குப் பெரிய காரணம், டைல் ஒட்டிய பிறகு சீமெந்துக் கறையைக் கழுவ ஊற்றுகிற அமிலம். அது ஐதரோகுளோரிக் அமிலம், அதன் ஆவியே போதும், பூட்டி வைத்த அறையில் ஓர் இரவில் பளபளப்பைத் தின்றுவிடும். 316 போட்டிருந்தாலும் தப்பாது. டைல் வேலை எல்லாம் முடிந்து கழுவிய பிறகு கைப்பிடியைப் பூட்டச் சொல்லுங்கள்.

தரங்களை ஒப்பிட ஏதாவது கணக்கு இருக்கிறதா?

குழி அரிப்புக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது: குரோமிய வீதம், அதோடு 3.3 தடவை மொலிப்டின வீதம், அதோடு 16 தடவை நைதரசன் வீதம், மூன்றையும் கூட்டுங்கள். 304க்கு 18, 19 என்று வரும், 316க்கு 24 அளவில் வரும், 2205 என்ற இரட்டை அமைப்பு உருக்குக்கு 35 பக்கம் போகும். நைதரசன் வெறும் 0.17 வீதம் இருந்தாலும் கிட்டத்தட்ட 3 புள்ளி தருகிறது, காற்றில் இலவசமாகக் கிடைக்கிற வாயு செய்கிற வேலை. கூட்டலில் நிக்கல் இல்லை என்பதையும் பாருங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, அறை வெப்பநிலையில் லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரைட்டு வரை 304, சுமார் 1,000 வரை 316 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டல். கடல் நீரில் அது 19,000 அளவு. நம் பீலித் தண்ணீர் பொதுவாக இந்த 200க்கு வெகு கீழே நிற்கும் மென்னீர், அதற்கு 304 தாராளம்.

அப்படியென்றால் மலையகத்தில் 316க்கு இடமே இல்லையா?

இருக்கிறது, உர ஸ்டோர். தேயிலைக்குப் போடும் கலவைகளில் பொற்றாசியத்துக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் மியூரியேற் ஒப் பொட்டாஷ், அதாவது பொற்றாசியம் குளோரைட்டு. அதன் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைட்டுதான். உரத் தூசி தராசுத் தட்டிலும் கதவுக் கீலிலும் படிந்து, பனிக்காலத்து ஈரத்தை உறிஞ்சிக் கரைந்தால் அங்கே உருவாவது கடல் நீரைவிடக் கடுமையான உப்புக் கரைசல். 304 தட்டில் குண்டூசி முனை அளவு குழிகள் விழும், மேலே பார்த்தால் சின்னப் பழுப்புப் புள்ளி, உள்ளே தகடு ஓட்டையாகியிருக்கும். இங்கே 316க்குக் காசு கொடுக்கலாம். முடியாவிட்டால் பிளாஸ்டிக் தட்டு போடுங்கள், அது இன்னும் மலிவு. மருந்து தெளிக்கும் டாங்கியையும் வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

வெல்ட் பண்ணிய கோட்டின் ஓரத்தில் மட்டும் துரு வருகிறதே?

இது இரண்டு வேறு நோய், இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது காபன் செய்கிற வேலை. உருக்கு 425 முதல் 850 பாகை வரையான சூட்டில் நின்றால், உள்ளே இருக்கிற காபன், உருக்கின் நுண்ணிய பளிங்கு மணிகளின் எல்லைக்கு நகர்ந்து குரோமியத்தோடு சேர்ந்து காபைட்டு ஆகிவிடும். ஒரு கிராம் காபன் 16 கிராமுக்கு மேல் குரோமியத்தைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும். எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையில் குரோமியம் குறைந்து போய், அங்கே மட்டும் உருக்கு ஸ்டெயின்லெஸ் இல்லாமல் ஆகிவிடுகிறது. வெல்ட் கோட்டிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளி, இந்தச் சூட்டில் நின்ற பட்டைதான் பிறகு அரிக்கும். இதற்கு மருந்து, காபன் 0.03 வீதத்துக்கு மேல் போகாத 304எல், 316எல் தரங்கள். இன்னொரு வழி, குரோமியத்துக்கு முன்னால் காபனைப் பிடித்துக்கொள்ள வேறு ஆளை வைப்பது: 321இல் அந்த ஆள் தைத்தேனியம், 347இல் நையோபியம். தைத்தேனியம் காபனைப்போல் குறைந்தது 5 மடங்கு இருக்க வேண்டும். மெல்லிய தகட்டை ஒரே ஓட்டத்தில் வெல்ட் பண்ணினால் சூடு நிற்கிற நேரம் குறைவு, அப்போது சாதாரண 304க்கே ஒன்றும் ஆகாது. தடித்த தகடு, பல அடுக்கு வெல்ட் என்றால் எல் கேளுங்கள், இன்றைக்கு விலை வித்தியாசமும் பெரிதில்லை.

இரண்டாவது நிறம். வெல்ட் ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று வருகிறதே, சில பாஸ்மார் அதை அழகு என்று விட்டுவிடுகிறார்கள். அது சூட்டில் தடித்த ஒட்சைட்டு. அந்த ஒட்சைட்டைக் கட்டக் குரோமியம் மேலே போனதால் அதற்கு நேர் கீழே குரோமியம் குறைந்த ஒரு பட்டை இருக்கும். நிறத்தையும் அந்தப் பட்டையையும் சேர்த்து எடுத்தால்தான் வேலை முடியும். ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ், புது பிளப் டிஸ்க், அல்லது பிக்கிளிங் பேஸ்ட். அந்தப் பேஸ்ட்டில் நைத்திரிக் அமிலத்தோடு ஐதரோபுளோரிக் அமிலமும் இருக்கிறது, தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே எலும்பு வரை போகிற சாமான் அது. கையுறை, முகக் கண்ணாடி, கல்சியம் குளுக்கோனேற் ஜெல் இவை இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். ஸ்டெயின்லெஸ் வெல்ட் புகையில் ஆறு வலுவுள்ள குரோமியம் என்ற நச்சு வடிவம் வருவதால் ஜன்னல் திறந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும், சாதாரண இரும்பு வெல்டைவிட இதில் கவனம் கூட வேண்டும்.

பெக்டரி விறகு அடுப்புக்குள் போட்ட ஸ்டெயின்லெஸ் தகடு செதில் செதிலாக உரிகிறது. நல்ல 304தானே போட்டோம்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, பொறுமையாக வாசியுங்கள்.

தண்ணீரில் நடக்கும் அரிப்பும் நெருப்பில் நடக்கும் ஒட்சியேற்றமும் வேறு வேறு சண்டை. நெருப்பில் திரவமே இல்லை, ஒட்சிசன் நேரடியாக உலோகத்தைப் பிடிக்கிறது, ஒட்சைட்டு நனோமீற்றரில் நிற்காமல் மைக்ரோமீற்றர் கணக்கில் வளர்கிறது. நல்ல ஒட்சைட்டு என்றால் தான் வளர வளரத் தன் வழியையே அடைத்துக்கொள்ளும்: 100 மணித்தியாலத்தில் வந்த தடிப்பு இரண்டு மடங்காக மொத்தம் 400 மணித்தியாலம் தேவைப்படும். குரோமியம் ஒட்சைட்டு அந்த வகை. இரும்பு ஒட்சைட்டு அப்படியில்லை, ஓட்டை விழுந்த வேலி, உள்ளே இருக்கிற இரும்பு தாராளமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அதனால் சாதாரண உருக்கு ஏறத்தாழ 550 பாகையைத் தாண்டினால் தாங்காது. சுத்தமான காற்றில், தொடர்ந்து சூடாகவே வைத்தால், 430க்கு 815, 304க்கு 925, குரோமியம் 22 முதல் 24 வீதம் உள்ள 309க்கு 1,095, 24 முதல் 26 வீதம் உள்ள 310க்கு 1,150 பாகை வரை என்று சொல்வார்கள். குரோமியம் ஏற ஏற எல்லையும் ஏறுகிறது.

ஆனால் நம் அடுப்பு தொடர்ந்து எரிவதில்லை, கொழுந்து வரும் நாளில் எரியும், இல்லாத நாளில் ஆறும். 304 சூட்டில் அதிகம் விரியும், மேலே இருக்கிற ஒட்சைட்டு அவ்வளவு விரியாது, ஆறும்போது அது வெடித்துக் கழன்றுவிடும். அடுத்த முறை சூடாகும்போது புது ஒட்சைட்டுக்குப் புதுக் குரோமியம் வேண்டும், இப்படியே போய் ஒரு நாள் மேற்பரப்பில் குரோமியம் தீர்ந்துவிடும், அப்புறம் இரும்பு எரிவதுதான். விட்டு விட்டுச் சூடாகும் இடத்தில் 304இன் எல்லை 870 பாகைக்கும் 310இன் எல்லை 1,035க்கும் இறங்குவது இதனால்தான். நிக்கல் இல்லாத 430 குறைவாகவே விரிவதால் அதற்கு மாறாக 870 வரை ஏறுகிறது. விலை குறைந்த சாமான் விலை கூடியதோடு சமமாக வந்து நிற்கிற இடம் இது. ஆனால் அந்தச் சூட்டில் 430க்குப் பலம் குறைவு, பாரம் தாங்கும் தகட்டுக்கு அதைப் போடக் கூடாது.

இங்கே சின்ன அளவில் சேர்க்கிற மூலகங்கள் பெரிய வேலை செய்கின்றன. சிலிக்கன் 1.5, 2 வீதம் இருந்தால் குரோமியம் ஒட்சைட்டுக்கு அடியில் இன்னொரு சிலிக்கா அடுக்கு உருவாகி வழியை மேலும் அடைக்கும். சீரியம் போன்ற அருமண் மூலகங்கள் 0.05 வீதம் இருந்தாலே ஒட்சைட்டு உலோகத்தை விட்டுக் கழலாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும் நம்பி வந்த தரம் 253எம்ஏ: குரோமியம் 21, நிக்கல் 11 வீதம்தான், ஆனால் 310ஓடு போட்டி போடும். அலுமினியம் 5 வீதம் அளவு சேர்த்தால் குரோமியத்தை ஓரம்கட்டிவிட்டு அலுமினியம் ஒட்சைட்டே மேலே படலமாக நிற்கும், மின் ஹீற்றர் கம்பிகள் 1,300 பாகைக்கும் தாங்குவது அதனால்தான். வெல்ட் பண்ணுவதற்கு அது கொஞ்சமும் ஒத்துழைக்காது.

இனி விறகுக்கு வருகிறேன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் சுத்தமான காற்றுக்கு. விறகுப் புகையில் நீராவி நிறைய, குரோமியம் ஒட்சைட்டை அது மெல்ல ஆவியாக்கிக் கொண்டுபோகும். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் நிறைய, அது குரோமியம் ஒட்சைட்டோடு சேர்ந்து பொற்றாசியம் குரோமேற்று ஆகிவிடும், காவலாளியையே விலைக்கு வாங்குகிற வேலை. அடுப்பைத் திறக்கும்போது தகட்டில் மஞ்சளாக ஏதாவது படிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், ஊதியும் பார்க்காதீர்கள், அது நஞ்சு. எனவே சாம்பல் நேரே படிகிற இடத்துக்கு மேற்சொன்ன எண்ணிலிருந்து நல்ல இடைவெளி விட்டுத்தான் தரம் தெரிவு செய்ய வேண்டும்.

என் அபிப்பிராயம்: சுவாலை நேராகப் படும் இடத்தில் எந்த உருக்கையும் வைக்காதீர்கள், அங்கே தீக்கல் கட்டுங்கள். அதற்குப் பின்னால் 309 அல்லது 253எம்ஏ. ஆறும்போதெல்லாம் சாம்பலைச் சுரண்டி எடுங்கள். 310 பல மாதம் எரிந்த பிறகு குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், முன்பு சொன்ன சிக்மா காரணமாக ஓடு மாதிரி உடையும். டிரையருக்குள் கொழுந்து படுகிற காற்று 100 பாகை பக்கத்தில்தான், அங்கே தட்டுக்கு 304 போதும், 310 போடுவது காசை எரிப்பது.

அடுப்புக்கு 316 போட்டால் இன்னும் கூடத் தாங்குமா?

தாங்காது. மொலிப்டினம் சூட்டில் ஒட்சைட்டானால் அது 795 பாகையில் உருகும், ஆவியாகவும் போகும். காற்று நன்றாக ஓடும் இடத்தில் 316 ஏறக்குறைய 304 போலவே நிற்கும். சாம்பல் மூடிய இடுக்கில், காற்று அசையாத இடத்தில், அந்த ஒட்சைட்டு தங்கி நின்று காவல் படலத்தையே கரைத்துவிடும். எண்ணெய் எரிக்கும் பேர்னர் என்றால் இன்னொரு கவலை: எண்ணெயில் உள்ள கந்தகம், ஒட்சிசன் குறைந்த புகையில், நிக்கலோடு சேர்ந்து 640 பாகை அளவிலேயே உருகும் கலவையைத் தரும். 310இல் நிக்கல் 20 வீதம் அளவு இருக்கிறது என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர் டாங்கி வெடித்துக் கசிகிறது, துரு ஒன்றும் தெரியவில்லையே?

தகைப்பு அரிப்பு வெடிப்பு. குளோரைட்டு, 50, 60 பாகைக்கு மேல் சூடு, வெல்டிலோ வளைவிலோ மிச்சம் நிற்கிற இழுவை, இந்த மூன்றும் சேர்ந்தால் மயிரிழை வெடிப்பு தகட்டுக்குள் கிளை விட்டு ஓடும். இதில் வேடிக்கை, நிக்கல் 8 முதல் 10 வீதம் இருக்கும் உருக்குத்தான் இதற்கு மிக எளிதில் மாட்டுகிறது, அதாவது நம் 304. நிக்கல் இல்லாத தரம் தப்பிவிடும், நிக்கல் 40 வீதத்துக்கு மேல் போன கலப்புலோகமும் தப்பிவிடும். அதனால்தான் சுடுதண்ணீர் டாங்கிக்கென்றே 18 வீதம் குரோமியமும் 2 வீதம் மொலிப்டினமும் உள்ள, நிக்கல் சேர்க்காத 444 இருக்கிறது. பீலித் தண்ணீரில் குளோரைட்டு குறைவு, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து, சூட்டில் காய்ந்து, உறைக்கும் தகட்டுக்கும் நடுவில் சேருகிற உப்பு வேறு கதை. டாங்கிக்குள் குளோரீன் தூள் போட்டுக் கழுவுகிறவர்கள் முழுதாக அலசிவிட்டுத்தான் ஹீற்றரைப் போட வேண்டும்.

கவ்வாத்துக் கத்தியை ஏன் ஸ்டெயின்லெஸில் செய்வதில்லை?

செய்யலாம், 420 என்ற தரம் கத்திக்குத்தான். ஆனால் கத்திக்குக் கூர் நிற்கக் காபன் வேண்டும், காபன் குரோமியத்தைத் தின்னும், அதனால் கத்தி ஸ்டெயின்லெஸ் எப்போதும் ஒரு சமரசம். நாளெல்லாம் செடியை வெட்டி, வேலைக்கு நடுவிலேயே கல்லில் தீட்டிக்கொள்கிறவருக்குக் காபன் உருக்குத்தான் வசதி, விலையும் குறைவு. எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

அச்சாறு போட்டு வைக்கலாமா? சோற்றுக்கு உப்புப் போட்டதும் சட்டியில் வெள்ளைப் புள்ளி வருகிறதே?

அச்சாற்றைக் கண்ணாடியிலோ ஜாடியிலோ போடுங்கள். உப்பும் வினாகிரியும் சேர்ந்து மாதக்கணக்கில் நிற்பது 304க்கு வேண்டாத சோதனை. சோற்றுக்கு உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கல் அடியில் போய் அப்படியே உட்காரும், அந்த இடத்தில் குளோரைட்டு செறிந்து சின்னக் குழி விழும். கொதித்த பிறகு போட்டுக் கிளறுங்கள். விழுந்த குழி உடம்புக்கு ஒன்றும் செய்யாது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் புதுச் சட்டியில் புளிக்குழம்பு வைக்காமல் முதல் சில தடவை வேறு ஏதாவது சமைக்கலாம், முதல் சமையல்களில்தான் நிக்கல் கொஞ்சம் கூடக் கரைகிறது.

தேயிலைச் சாறு ஸ்டெயின்லெஸைக் கெடுக்குமா?

கெடுக்காது. சாறு லேசான அமிலம்தான், குளோரைட்டு மிகக் குறைவு. பிரச்சினை மறுபக்கத்தில்: வெறும் இரும்பு பட்டால் சாற்றில் உள்ள பொலிபீனோல்கள் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும், தேத்தண்ணியின் நிறமே மாறும். அதனால்தான் அரைத்த கொழுந்து படும் இடத்தில் சாதாரண இரும்பு ஒரு போல்ட் அளவுகூட இருக்கக் கூடாது என்கிறோம்.

பழுப்புப் புள்ளியை எப்படி எடுப்பது?

இரும்புப் பஞ்சு வேண்டாம், பிளீச் வேண்டவே வேண்டாம். சிற்றிக் அமிலத் தூளை இளஞ்சூடான தண்ணீரில் 5, 10 வீதம் கரைத்து, துணியில் நனைத்து அரை மணித்தியாலம் போட்டு வைத்துக் கழுவுங்கள். ஒட்டிய இரும்பு கரைந்து போகும், குரோமியத்தை அது தொடாது. கழுவித் துடைத்தால் படலம் தானே கட்டிக்கொள்ளும். புள்ளி அதே இடத்தில் திரும்ப வந்தால் அது வெளி இரும்பு இல்லை, குழி.

சாதாரண இரும்போடு 304ஐ வெல்ட் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் 304க்குரிய கம்பியால் வேண்டாம். உருகும்போது இரும்பு கலந்து வெல்டில் குரோமியமும் நிக்கலும் குறைந்துவிடும், கோடு கடினமாகி வெடிக்கும். 309எல் கம்பியில் குரோமியமும் நிக்கலும் கூட இருப்பதால் இரும்பு கலந்த பிறகும் போதிய அளவு மிஞ்சும். வெளியில் நனைகிற இடம் என்றால் மூட்டுக்கும் இரும்புப் பக்கத்துக்கும் பெயின்ற் அடியுங்கள். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சாதாரண இரும்பு போல்ட்டால் பூட்டினால் மின்னிரசாயன முறையில் போல்ட்தான் முதலில் போகும், இரும்புத் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது.